பழக்கின குதிரையை யார் கையில் கொடுத்தீர்கள்?

பாகாயத்தான்:
வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றையும் சேர்த்துத்தான் கேட்கிறேன், பழைய வட ஆற்காடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். குதிரை வைத்திருந்து கைமாற்றியவர்கள் எழுதுங்கள். ஒன்றரை வருஷமாக ஒரே விஷயம் என் மண்டையைக் குடைகிறது.

என்னிடம் ஒரு மட்டக்குதிரை இருந்தது. பெட்டை, பெயர் செல்லி. பொருட்காட்சி, பள்ளி ஆண்டுவிழா, பிறந்தநாள் என்று பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவரும். லாயம் இருந்த இடத்தைச் சொந்தக்காரர் மனை போட்டு விற்றுவிட்டார். கடற்கரையில் சவாரி விடுகிற ஒருவர் வந்தார், விலை கேட்டார், மறுபேச்சு இல்லாமல் பணத்தை எண்ணி வைத்தார். சின்ன லோடு வண்டி ஒன்றும் கூடவே வந்திருந்தது.

செல்லியின் வலது தோளில் இரண்டு தட்டு தட்டினால் எந்த வண்டியிலும் ஏறும். நான்தான் பழக்கினேன், மூன்று மாசம் ஆனது. பலகையில் கால் வைத்தால் ஒரு துண்டு வெல்லம், முழுதாக ஏறினால் இன்னொன்று. அன்றைக்கு வந்த ஆள் கயிற்றைப் பிடித்து இழுத்தார், நகரவில்லை. அவர் கை சாட்டைக்குப் போனது. "இருங்கண்ணா" என்று நானே போய்த் தட்டினேன். ஏறிவிட்டது. ஏறித் திரும்பி என் கையைப் பார்த்தது. கையில் வெல்லம் இல்லை.

அவ்வளவுதான். நீங்களெல்லாம் எப்படி ஆள் பார்த்தீர்கள் என்று தெரிந்தால் போதும்.

ஜட்கா வீட்டுப் பிள்ளை:
எங்கள் நைனா கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஜட்கா ஓட்டினார். ஷேர் ஆட்டோ வந்த பிறகு கொள்ளுக்குக்கூட வரும்படி கட்டவில்லை. 1998-ல் வண்டியை நிறுத்திவிட்டுக் குதிரையைக் கல்யாண ஊர்வலக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். வெள்ளைக் குதிரை, பார்க்க லட்சணமாக இருக்கும், ஜரிகை போர்த்தினால் யாரும் ஜட்காக் குதிரை என்று சொல்ல மாட்டார்கள்.

முதல் முகூர்த்தமே ஆஸ்பத்திரி வழியாகப் போகிற ஊர்வலம். கேட்டுக்கு நேரே வந்ததும் குதிரை நின்றுவிட்டது. பேண்டு செட் வாசிக்கிறது, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், குதிரை காதை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கிறது. பதினோரு வருஷம் அந்த இடத்தில் நோயாளியை இறக்கிவிட்ட குதிரை அது. ஆள் இறங்காமல் எப்படி நகரும்? கடைசியில் மாப்பிள்ளை இறங்கினார். உடனே நடந்தது. மறுபடி ஏறினார், மறுபடி நின்றது. மண்டபம் வரைக்கும் மாப்பிள்ளை நடந்துதான் போனாராம், பட்டு வேட்டியோடு.

மறுநாள் காலையில் ஊர்வலக்காரர் வந்து வாசலில் நின்று கத்தினார். நைனா பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து விழுந்து விழுந்து சிரித்தார். வண்டியை நிறுத்தின பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அப்புறம் அணைக்கட்டுப் பக்கம் ஒரு பால்காரருக்குக் கொடுத்தோம், பாதி விலைக்கு. வீட்டுக்கு வீடு நிற்பதுதான் அங்கே வேலை. பத்தே நாளில் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று கற்றுக்கொண்டதாம். நைனா கடைசிவரை மாசம் ஒரு தரம் அணைக்கட்டு பஸ் ஏறினார். "பால் வாங்கவா போற?" என்று அம்மா கேட்டால் கோபம் வந்துவிடும்.

ஆற்காட்டுச் சிவலை:
பாகாயத்துக்காரர் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாட்டைக்குக் கை போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகும் தட்டி ஏற்றிவிட்டிருக்கிறீர்கள். வெல்லம் இல்லாமல் போனதா உங்கள் பிரச்சினை? வந்த ஆளிடம் ஒரு கேள்வி கேட்டீர்களா? ஒரு நாளைக்கு எத்தனை ரவுண்டு, வெயிலில் எங்கே கட்டுவார், லாடம் அடிக்க யார் வருவார், எதுவுமே கேட்டதாகத் தெரியவில்லை. மறுபேச்சு இல்லாமல் பணம் எண்ணுகிறவனைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும்.

சரி, நான் மட்டும் யோக்கியமா என்றால் இல்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்கு ஒரு சிவலையைக் கொண்டுபோனேன். ஊர்வலத்துக்குப் பழக்கின குதிரை, பறைக்கு ஆடும். வந்தவர்களில் பாதிப் பேர் சுழி பார்த்தார்கள், கண்ணுக்குக் கீழே ஒன்று இருக்கிறது, வீட்டுக்கு ஆகாது என்று உதட்டைப் பிதுக்கினார்கள். மீதிப் பேர் குதிரையின் உதட்டைத் தூக்கிப் பல் பார்த்தார்கள். ஒரே ஒரு பெரியவர், கோயமுத்தூர்ப் பக்கம், எதையும் பார்க்காமல் கேட்டார்: "ஏனுங் தம்பி, இது எதைக் கண்டா மெரளும்?"

"எதுக்கும் மெரளாதுங்க" என்றேன். பறை, சரவெடி, ஜெனரேட்டர், எதற்கும் மிரளாதுதான். ஆனால் நீலத் தார்ப்பாய் காற்றில் படபடத்தால் நாலு காலில் எகிறும். அது எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது, முழுங்கிவிட்டேன்.

ரெண்டு மாசம் கழித்து போன். பேரன் விழுந்து காறை எலும்பு முறிந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். "சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார், அவ்வளவுதான். குதிரை என்ன ஆச்சு என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நிக்குதுங். தார்ப்பாயக் கழட்டிப்போட்டேன்" என்றார்.

ஓய்வு கால்நடை ஆய்வாளர்:
வணக்கம். 1989-ல் மாவட்டம் பிரிந்த சமயம் நான் போளூர்ப் பக்கம் வேலையில் இருந்தேன். ஒரு பண்ணை வீட்டில் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று மட்டக்குதிரை வாங்கினார்கள். கல்யாணத்தில் மிஞ்சின சோற்றை அண்டாவோடு வைத்துவிட்டார்கள். நான் போனபோது படுத்துக்கொண்டு தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. விடிவதற்குள் போய்விட்டது. குதிரைக்கு வாந்தி வராது, தின்றது உள்ளேதான் கிடக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆகவே சில விஷயங்கள் சொல்கிறேன், எல்லோருக்கும் பயன்படும். குதிரையைக் கொடுக்கும்போது அது தின்று பழகின தீவனத்திலேயே பத்து நாளைக்கு ஒரு மூட்டை கூட அனுப்புங்கள். புதுத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும், நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் அதற்கு மேலும் போகும், ஆகவே வாங்குகிறவர் வீட்டில் முதலில் தொட்டியைப் பாருங்கள், பிறகு ஆளைப் பாருங்கள். மட்டக்குதிரை என்றால் தோள் உயரம் 58 அங்குலத்துக்குள். சுமை அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது, அதாவது 200 கிலோ மட்டக்குதிரை மேல் சேணத்தோடு சேர்த்து 40 கிலோ. குண்டுப் பையனை ஏற்றுகிற இடத்துக்குக் கொடுக்காதீர்கள். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும், அந்த ஊரில் லாடக்காரர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், நம்ம பக்கத்திலேயே விரல் விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள். வெளியூர்க் குதிரை என்றால் கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் லாயத்தில் சேர்க்காதீர்கள். மனிதருக்கும் தொற்றும் நோய். இருப்பது உறுதியானால் குதிரையை வைத்திருக்க விட மாட்டார்கள். ரணஜன்னி ஊசி போட்ட தேதியை எழுதிக் கொடுங்கள். தனியாகக் கட்டாதீர்கள், துணைக்கு ஒரு ஆடாவது இருக்கட்டும். ஒரு மாசம் வைத்துப் பார்க்கட்டும், ஒத்துவரவில்லை என்றால் எடுத்துக்கொள்கிறேன் என்று வாயால் சொல்லாமல் காகிதத்தில் எழுதுங்கள். பல்லைப் பொறுத்தவரை ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும், பத்து வயதுக்கு மேல் மேல்தாடை ஓரப் பல்லில் ஒரு கோடு இறங்கும், அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து

பாகாயத்தான்:
சார், விற்று ஒன்றரை வருஷம் ஆச்சு.

ஓய்வு கால்நடை ஆய்வாளர்:
அடுத்த முறைக்கு உதவும் தம்பி.

ஏலகிரி அக்கா:
சார் சொன்ன தண்ணீர்க் கணக்கைப் படித்ததும் எனக்குப் பழசு வந்துவிட்டது. நான் கொடுத்தவள் இல்லை, வாங்கிக்கொண்டவள். சென்னையில் பந்தயம் ஓடி, அப்புறம் சவாரிப் பள்ளியில் பிள்ளைகளைச் சுமந்து ஓய்ந்த குதிரை, பதினாறு வயது. பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி மலைக்கு வந்து சேர்ந்தபோது நுரை தள்ளியிருந்தது. கூடவே ஒரு ஃபைல், ஊசி போட்ட தேதி, லாட அளவு, தீவனக் கணக்கு, எல்லாம் ஒழுங்காக இருந்தது.

தண்ணீர் குடிக்கவில்லை. வாளியை மாற்றினேன், தொட்டியைக் கழுவினேன், வெல்லம் கரைத்தேன். மூக்கை வைக்கும், எடுத்துவிடும். இரவு போய் மறுநாள் மத்தியானமும் ஆகிவிட்டது, மே மாசம். மருத்துவர் கீழே ஜோலார்பேட்டையிலிருந்து வர வேண்டும். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஃபைலைத் திரும்பத் திரும்பப் புரட்டினால் கடைசிப் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் ஒரு நம்பர். போன் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரர்தான் எடுத்தார். பெயர் சொன்னதும், "குடிக்கலையாம்மா?" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "ஸ்பீக்கர்ல போட்டு வாளிகிட்ட வைங்க."

வைத்தேன். போனில் அவர் சீட்டி அடித்தார். பாட்டெல்லாம் இல்லை, ஒரே சுரம், இழுத்து இழுத்து. குதிரை போனைப் பார்த்தது, வாளியைப் பார்த்தது, தலையைக் குனிந்து மடக் மடக் என்று குடித்தது. அவர் மூச்சு வாங்கி வாங்கி அடித்துக்கொண்டே இருந்தார், பின்னால் பஸ் சத்தம் கேட்டது, எங்கேயோ ரோட்டில் நின்றுகொண்டு. எனக்குச் சீட்டி வராது. தோட்டக்காரப் பையன் ஒரு வாரம் அவரோடு போனில் உட்கார்ந்து கற்றுக்கொண்டான்.

சிவலை தம்பி, பாகாயத்துத் தம்பியை அதட்டியது போதும். கேட்கத் தெரியாமல்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். அந்தப் பள்ளிக்காரர்கள் அவ்வளவு எழுதிக் கொடுத்தும் சீட்டியை எழுதவில்லையே. பள்ளி ஆபீஸில் இருந்தவர்களுக்கே அது தெரியாது.

ஆற்காட்டுச் சிவலை:
அதட்டவில்லை அக்கா. பொய் சொன்னவனுக்குக் கொஞ்சம் குரல் உசந்துதான் வருகிறது.

ஜட்கா வீட்டுப் பிள்ளை:
எழுதிக் கொடுத்திருந்தாலும் எங்கள் கதையில் என்ன எழுதுவது? ஆஸ்பத்திரி வழியாக ஊர்வலம் விடாதீர்கள் என்றா?

பாகாயத்தான்:
இதையெல்லாம் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனேன். செல்லி அங்கே இல்லை. பங்குனியிலேயே கைமாற்றிவிட்டாராம். பொருட்காட்சிக்கு ஊர் ஊராகப் போகிற ராட்டினக்காரர் ஒருவருக்கு, நம்பர் கிடையாது, செய்யாறு பக்கம் போனதாகக் கேள்வி என்றார். "நல்ல குதிரைண்ணா, ஏத்தறதுதான் கஷ்டம், நாலு பேர் தூக்க வேண்டியதாப் போச்சு" என்றார். தட்டினால் ஏறும் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. தட்டுவதைப் பார்த்தாரே, புரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அடையாளம் எழுதி வைக்கிறேன். கருஞ்சிவப்பு, முன்னங்கால் இரண்டும் வெள்ளை, இடது காது நுனியில் சின்னப் பிளவு, உயரம் 46 அங்குலம். உங்கள் ஊரில் ராட்டினம் போட்டால் ஒரு நடை போய்ப் பாருங்கள். அதுதானா என்று சந்தேகம் வந்தால் பக்கத்தில் ஏதாவது வண்டி நிற்கும்போது வலது தோளில் இரண்டு தட்டு தட்டினால் தெரிந்துவிடும். வெல்லம் எடுத்துக்கொண்டு போங்கள்.