5 வயது மகள், 3 வயது நிறையாத மகன், முழங்கால் வலியுள்ள அப்பா: ஆர்லாண்டோ டிஸ்னி பயணத் திட்டத்தைச் சரிபார்க்க உதவி வேண்டும்

கேள்வி (ஆல்ஃபாரெட்டா, ஜார்ஜியா)

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் மார்ச் இறுதியில் கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு தங்கப்போகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் இருவரையும் ஆர்லாண்டோவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது எங்கள் நெடுநாளைய ஆசை. பேரப்பிள்ளைகளோடு இப்படியொரு பயணம் அவர்களுக்கு மறுபடி வாய்க்குமா என்று தெரியாததால், இதை ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று மனம் தவிக்கிறது.

மகளுக்கு 5 வயது, உயரம் 39.5 அங்குலம். மகனுக்கு ஜூன் இறுதியில் 3 வயது நிறைகிறது. பகல் ஒரு மணிக்கு அவன் தூங்கியே ஆக வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதால் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க இயலாது. அம்மா சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை.

ஜூலை இரண்டாம் வாரத்தில் காரில் சென்று, ஆர்லாண்டோவை அடுத்துள்ள கிஸ்ஸிம்மியில் சமையலறை உள்ள வாடகை வீட்டில் தங்கி, நான்கு நாட்களில் டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களையும் பார்ப்பது என்று கணவர் திட்டம் போட்டிருக்கிறார். எனக்குத்தான் கலக்கமாக இருக்கிறது. சென்ற கோடையில் வேறோர் ஊரில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். வாயிலைத் தாண்டும்போதே மணி பதினொன்று. முதல் ரைடில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றபின் உயரம் போதாது என்று மகளைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் அழ, அவளைப் பார்த்துத் தம்பி அழ, மூன்று மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டோம். அதே தவறுகளை என் பெற்றோர் முன்னிலையில் மீண்டும் செய்ய நான் விரும்பவில்லை. இந்தத் திட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி (சார்லட்டிலிருந்து; இரண்டு பிள்ளைகளோடு மூன்று முறை சென்று வந்த தாய்)

சகோதரி, முதலில் தேதியை மாற்றுங்கள். டிஸ்னி வேர்ல்டில் 3 வயது நிறையாத குழந்தைக்கு நுழைவுச்சீட்டு தேவையில்லை. 3 முதல் 9 வயது வரை குழந்தைச் சீட்டு, 10 வயது முதல் பெரியவர் சீட்டு. உங்கள் மகனின் பிறந்தநாளுக்கு முன்பு சென்றால் அவனுக்கு ஒரு காசும் செலவில்லை. ஜூலையில் சென்றால் ஒவ்வொரு நாளுக்கும் கட்ட வேண்டும். இது சிறு தொகை அல்ல. ஜூலை என்பது பள்ளி விடுமுறைக் காலம், வெயிலும் புழுக்கமும் உச்சத்தில் இருக்கும் மாதம். உங்கள் மகள் இன்னும் கிண்டர்கார்டனில் சேரவில்லை என்றால், மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் வார நாட்களாகப் பார்த்துச் செல்லுங்கள். பெரும்பாலான ஊர்களில் அப்போது பள்ளி நடந்துகொண்டிருக்கும், ஃப்ளோரிடாவின் மழைக்காலமும் முழுதாகத் தொடங்கியிருக்காது.

அடுத்து, நான்கு பூங்காக்கள் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மேஜிக் கிங்டம் ஒன்றே இரண்டு நாளுக்குப் போதும். உயரக் கட்டுப்பாடே இல்லாத ரைடுகள் மிகுதியாக இருப்பது அங்கேதான்: டம்போ, பீட்டர் பான், வின்னி த பூ, ஜங்கிள் குரூஸ், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் என்று நீளும். மூன்றாவதாக ஒரு நாள் வேண்டுமென்றால் அனிமல் கிங்டம் செல்லலாம். அங்குள்ள கிளிமஞ்சாரோ சஃபாரியில் ஒட்டகச்சிவிங்கியும் யானையும் பார்க்கும்போது உங்கள் அப்பாவும் பிள்ளைகளும் ஒரே அளவு மகிழ்வார்கள். அதற்குக் காலையிலேயே போய்விட வேண்டும். ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பிள்ளைகள் வளர்ந்தபின் பார்க்கத் தக்கது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, பூங்கா திறக்கும் நேரத்துக்கு முன்பே வாயிலில் நிற்பது. திறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் நாங்கள் ஆறு ரைடுகள் ஏறினோம்; அதே நாளில் பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை இரண்டுதான் முடிந்தது. பகலில் தங்குமிடத்துக்குத் திரும்பி எல்லோரும் தூங்கிவிட்டு, ஐந்து மணிக்கு மேல் மறுபடி வாருங்கள்.

மறுமொழி (ஆர்லாண்டோவில் ஒன்பது ஆண்டுகளாக வசிப்பவர்)

மேலே சகோதரி எழுதியதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஏற்கிறேன், பகலில் திரும்புவதைத் தவிர. டிஸ்னி விடுதியில் தங்குபவர்களுக்கு அது சரி. அவர்களின் பேருந்து மேஜிக் கிங்டம் வாயிலருகிலேயே இறக்கிவிடும். சொந்தக் காரில் வருபவர்களின் நிலை வேறு. வாகன நிறுத்தம் ஏரிக்கு இந்தக் கரையில் இருக்கிறது, பூங்கா அந்தக் கரையில் இருக்கிறது. நடுவே மோனோரெயிலிலோ படகிலோ செல்ல வேண்டும். காரை நிறுத்தியதிலிருந்து பூங்கா வாயில் வரை முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கிஸ்ஸிம்மிக்குப் போய்த் திரும்பினால் மூன்று மணி நேரம் பயணத்திலேயே கழியும், காரில் தூங்கிய குழந்தை வீட்டில் இறக்கியதும் விழித்துக்கொள்ளும்.

அதற்குப் பதிலாகப் பூங்காவுக்குள்ளேயே பகல் ஓய்வை அமைத்துக்கொள்ளுங்கள். மகனைச் சாயும் இருக்கை உள்ள ஸ்ட்ரோலரில் (குழந்தைத் தள்ளுவண்டியில்) படுக்க வைத்து, ஒருவர் நிழலில் தள்ளிக்கொண்டிருக்கலாம். மற்றவர்கள் குளிரூட்டப்பட்ட அரங்குகளில் அமரலாம். கேரசல் ஆஃப் ப்ராக்ரஸ் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும், வரிசை அநேகமாக இருக்காது. ஸ்ட்ரோலர் 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் உட்பட்டதாக இருக்க வேண்டும். இழுவை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மகளுக்கும் ஓர் இருக்கை உள்ள இரட்டை ஸ்ட்ரோலராக எடுங்கள். வீட்டில் ஓடியாடும் 5 வயதுக் குழந்தையும் அங்கே மாலைக்குள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

மின்னல் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை இங்கே அன்றாட நிகழ்வு; மே தொடக்கத்தில் அது குறைவு என்பதும் தேதியை மாற்ற ஒரு காரணம். மழைச்சட்டைகளை முன்னரே வாங்கி வாருங்கள், உள்ளே விலை மிக அதிகம்.

ஓர் எச்சரிக்கை: பாதி பயன்படுத்திய பல நாள் சீட்டுகளை மலிவாகத் தருவதாக இங்கே சாலையோரத்தில் விற்பவர்கள் உண்டு. சீட்டு ஒருவருக்கு மட்டுமே உரியது, வாயிலில் விரல் பதிவை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஏமாற வேண்டாம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மகனின் வயது வரம்பு என் கண்ணில் படவே இல்லை. கணவரிடம் காட்டினேன், மே முதல் வாரத்துக்கு மாற்றிவிட்டோம். இன்னும் மூன்று கவலைகள். மகள் டியானாஸ் பேயூ அட்வெஞ்சர் ஏறியே தீருவேன் என்கிறாள்; அதற்கு 40 அங்குலம் வேண்டும், அவளுக்கு அரை அங்குலம் குறைகிறது. அம்மாவின் சாப்பாட்டுக்கு என்ன வழி? அப்பாவோ, சக்கர நாற்காலி என்ற பேச்சை எடுத்தாலே, "நான் வீட்டிலேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்கிறார்.

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை, மகன் குடும்பத்தோடு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்றவர்)

அம்மா, அழைத்துச் செல்பவர்கள் எல்லாரும் எழுதிவிட்டார்கள். அழைத்துச் செல்லப்பட்ட ஒரு தாத்தாவாக நான் எழுதுகிறேன். சக்கர நாற்காலியில் உட்கார எனக்கும் மனம் ஒப்பவில்லை. முதல் நாள் பிடிவாதமாக நடந்தேன். பதினொரு மணிக்குமேல் ஒவ்வொரு பெஞ்சாக உட்கார்ந்தேன், மற்றவர்கள் எனக்காகக் காத்து நின்றார்கள். பேத்தி ஏறிய எந்த ரைடையும் நான் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்தேன், அன்று முழுவதும் அவள் என் மடியில் இருந்தாள். இதை உங்கள் அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அங்கே போய்ப் பேசினால் வீம்பு வரும். வீட்டிலேயே, அம்மா முன்னிலையில், மெதுவாகப் பேசி முடித்துவிடுங்கள்.

பூங்காவில் நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் வாகன நிறுத்தத்திலிருந்து வாயில் வரையிலான தொலைவே முழங்காலைச் சோதித்துவிடும் என்பதால், மடக்கும் நாற்காலி ஒன்றை வெளியிலேயே பயணம் முழுவதற்கும் வாடகைக்கு எடுத்துவிட்டோம். இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட், ஜங்கிள் குரூஸ் இரண்டிலும் நாற்காலியோடு ஏறத் தக்க படகுகள் உண்டு. கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். பூங்காவைச் சுற்றி வரும் நீராவி ரயிலும் எனக்கு மிகவும் பிடித்தது. ஹான்டட் மேன்ஷன், பீப்பிள்மூவர் இரண்டிலும் நகர்ந்துகொண்டிருக்கும் தளத்தில் கால் வைத்து ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறுவது நல்லது. நாற்காலியில் இருப்பதால் வரிசையில் முன்னால் விட்டுவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். பல வரிசைகளில் எல்லோருடனும் சேர்ந்துதான் காத்திருந்தோம். உட்கார்ந்தபடி காத்திருக்கலாம் என்பதுதான் அதன் பயன்.

மறுமொழி (சார்லட்டிலிருந்து)

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு, என் மாமனாருக்கும் இதைக் காட்டியிருக்கலாமே என்று தோன்றியது.

சகோதரி, மகளின் உயரத்தைப் பற்றி. காலணியோடுதான் அளப்பார்கள். அவள் அணியப்போகும் அதே காலணியோடு, கொண்டை இல்லாமல், புறப்படும் வாரத்தில் சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். தடித்த அடிப்பகுதி உள்ள செருப்பு போட்டு ஏற்ற வேண்டாம். இருக்கைப் பிடிப்பு குழந்தையின் உடலில் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அளவே வைத்திருக்கிறார்கள். 40 தொடவில்லை என்றால் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். வரிசை முடிவில் கேட்பதைவிட வீட்டுக் கூடத்தில் கேட்பது குழந்தைக்கு எளிது. 38 அங்குலம் கேட்கும் செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின், 35 அங்குலம் கேட்கும் பார்ன்ஸ்டார்மர் இரண்டிலும் அவள் தாராளமாக ஏறலாம். இப்போதிலிருந்தே அவற்றைப் பற்றி ஆசை காட்டிப் பேசுங்கள்.

மகன் ஏற முடியாத ரைடுகளுக்கு ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள். அந்த ரைடின் வாயிலில் உள்ள பணியாளரிடம் சொன்னால், ஒருவர் மகளோடு வரிசையில் செல்லலாம், மற்றவர் மகனோடு வெளியே இருக்கலாம்; அவர்கள் திரும்பியதும் இரண்டாமவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் விரைவு வழியில் செல்லலாம். இதற்குக் கட்டணம் இல்லை. மகளும் இரண்டாம் முறை ஏறும் வாய்ப்புப் பெரும்பாலும் கிடைக்கும்.

நீண்ட வரிசையைத் தவிர்க்க முன்பிருந்த இலவச ஃபாஸ்ட்பாஸ் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த லைட்னிங் லேன் என்ற விரைவு வரிசை காசு கொடுத்து வாங்குவது. டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள் 7 நாள் முன்பும் மற்றவர்கள் 3 நாள் முன்பும் காலை 7 மணிக்குச் செயலியில் எடுக்கலாம். சீட்டு வேண்டாத மகனுக்கு இதுவும் வேண்டாம். மேஜிக் கிங்டத்தின் முதல் நாளுக்கு மட்டும் வாங்குங்கள். முக்கியமான ரைடுகளை முதல் நாளில் பார்த்துவிட்டால் இரண்டாம் நாள் நிதானமாக நடக்கும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். வெளியுணவை எடுத்துச் செல்ல அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, உதிரிப் பனிக்கட்டி கூடாது. உறையவைத்த ஐஸ் பேக் வைக்கலாம். அதிகாலையில் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொள்ளுங்கள், தயிர்சாதத்தை ஐஸ் பேக்கோடு தனியாக வையுங்கள். ஒவ்வொரு பூங்காவிலும் உள்ள பேபி கேர் சென்டரில் குழந்தை உணவைச் சூடாக்க மைக்ரோவேவ் இருக்கிறது; டயபர் மாற்றவும் அமைதியாக அமரவும் அதுவே நல்ல இடம். உணவுப் பட்டியலில் இலைக் குறி போட்டவற்றில் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இருக்காது என்பதால் அம்மா தயங்காமல் வாங்கலாம். குளிர்ந்த தண்ணீர் விரைவுணவுக் கவுன்டர்களில் இலவசம், பாட்டில் வாங்க வேண்டாம்.

கேட்டவர்

ஆசிரியர் ஐயாவின் மறுமொழியை அப்பாவுக்கு வீடியோ அழைப்பில் முழுவதும் படித்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாற்காலி நல்ல அகலமாகப் பார்த்து எடு, பிள்ளை உட்கார வேண்டும்" என்றார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, ஐயா.

மாற்றிய திட்டத்தை எழுதுகிறேன். ஞாயிறு காரில் பயணம், இடையில் நிறைய நிறுத்தங்களோடு. திங்கள் மேஜிக் கிங்டம், செவ்வாய் முழு ஓய்வு, வீட்டு நீச்சல்குளம் மட்டும். புதன் அனிமல் கிங்டம், பகல் இரண்டு மணி வரை. வியாழன் மீண்டும் மேஜிக் கிங்டம், அன்று இரவு வாணவேடிக்கை. கடைசியாக ஒன்று: பெருஞ்சத்தம் கேட்டால் மகன் பயந்து அழுவான். வாணவேடிக்கையைக் கைவிட வேண்டுமா?

மறுமொழி (ஆர்லாண்டோவிலிருந்து)

கைவிட வேண்டாம். குழந்தைகளுக்கான காது மூடி ஒன்றை இப்போதே வாங்கி, வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள். மேஜிக் கிங்டத்தின் நடுவில் உள்ள கோட்டைக்கு எதிரே நிற்கும் கூட்டத்துக்குள் ஸ்ட்ரோலரும் சக்கர நாற்காலியுமாகப் போனால் நகரவே முடியாது; முடிந்ததும் மோனோரெயிலுக்கும் படகுக்கும் நீண்ட வரிசை நிற்கும். வாணவேடிக்கை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பூங்காவை விட்டுப் புறப்பட்டு, படகில் இந்தக் கரைக்கு வந்து இறங்கிவிடுங்கள். ஏரிக்கு அப்பால் வானில் வெடிப்பது அங்கிருந்தே தெரியும், சத்தம் தொலைவாகக் கேட்கும், கார் பக்கத்தில் இருக்கும். வியாழன் காலையில் பிள்ளைகள் இருவரையும் அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் கைபேசி எண்ணை அவர்களின் கையில் ஒரு பட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள். பெயர்ப்பட்டை அணிந்த பணியாளரிடம் போய் நின்றால் போதும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.