கொடைக்கானல் மலை ஏறினாலே மகளுக்கு வாந்தி: என்ன செய்யலாம்?

மதுரை அம்மா:
வணக்கம். மகளுக்கு 6 வயது, மகனுக்கு ஒன்றரை வயது. மாமியார் வீடு பெருமாள்மலையில் இருக்கிறது. மதுரையிலிருந்து காரில் போவோம். வத்தலக்குண்டு வரை மகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். மலைப்பாதை தொடங்கும் காட்ரோடு தாண்டியதும் சத்தம் அடங்கிவிடும். டம்டம் பாறை வருவதற்குள் வாந்தி. பின்சீட்டில் உட்கார வைத்து, பராக்குக் காட்ட செல்போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுக்கிறோம். கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருப்போம். கையில் எலுமிச்சம்பழமும் உண்டு. "வயிறு காலியாக இருந்தால் வெளியே வர ஒன்றும் இருக்காது" என்று மாமியார் சொல்வதால் காலையில் பால் மட்டும்தான். மகனுக்கோ ஒன்றும் ஆவதில்லை, அதுதான் புதிர். சனிக்கிழமை மறுபடியும் போகிறோம். மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கலாமா?

கொடை வாடகை வண்டி:
அம்மா, மலை ஏறும் முன் அந்த செல்போனை வாங்கிப் பைக்குள் போடுங்கள். குனிந்து திரையைப் பார்க்கும் பிள்ளைக்குத்தான் முதலில் முகம் வெளுக்கும். பின்சீட்டின் நடுவில் தோள் பெல்ட் இருந்தால், பூஸ்டர் இருக்கை போட்டு அங்கே உட்கார வையுங்கள். முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரிய வேண்டும். அதற்காக முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம், அது ஆபத்து. காருக்குள் தொங்கும் வாசனைப் புட்டியை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள், மலைக்காற்று இருக்கும்போது ஏசி எதற்கு?

வண்டி ஓட்டுபவருக்கும் ஒன்று சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரே சீராகத் திருப்ப வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் மிதித்து, வெளியே வந்ததும் சீறிப் பாய்ந்தால் பெரியவர்களுக்கே குடல் புரளும்.

பழனிக்காரன்:
பழனி வழியாகப் போய்ப் பாருங்களேன்.

கொடை வாடகை வண்டி:
மதுரையிலிருந்து அது சுற்று வழி, தம்பி. வளைவுக்கும் அங்கே பஞ்சமில்லை.

குழந்தைகள் வார்டு செவிலியர்:
உள்காதில் உடல் அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. வண்டி திரும்புகிறது என்று அது சொல்கிறது; செல்போனைப் பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம். தூரத்து மலையையோ எதிரே வரும் சாலையையோ பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். தலையை சீட்டில் சாய்த்து ஆட்டாமல் வைத்திருப்பதும், கண்ணை மூடித் தூங்குவதும் உதவும்.

மகன் விஷயத்தில் புதிர் இல்லை. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அபூர்வம். 2 முதல் 12 வயது வரைதான் அதிகம். அவனும் அந்த வயதுக்கு வருவான், தயாராக இருங்கள்.

வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன் ஓரிரு இட்லி போதும். பூரி, வடை வேண்டாம். தண்ணீர் அவ்வப்போது ஒரு வாய்.

மதுரை அம்மா:
நன்றி அக்கா. கடையில் கேட்டேன். பெரியவர்களுக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

குழந்தைகள் வார்டு செவிலியர்:
கொடுக்காதீர்கள். குழந்தைக்கு எடை, வயது பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். டைமென்ஹைட்ரினேட் போன்ற பயண வாந்தி மருந்துகள் 2 வயதுக்கு மேல் தரப்படுகின்றன. புரோமெத்தசின் என்ற இன்னொரு மருந்து 2 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடவே கூடாது, மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு. எனவே அக்காவின் மருந்தைத் தம்பிக்குப் பகிர வேண்டாம். வயிற்றுப்போக்கு வாந்திக்கு முன்பு கொடுத்த ஓண்டான்செட்ரான் சிரப் வீட்டில் இருந்தாலும், பயணக் குமட்டலைத் தடுக்க அது பயன்படாது.

மருத்துவர் எழுதிக் கொடுத்தால், மலை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் தர வேண்டும். உங்கள் வழியில் நிலக்கோட்டைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். டம்டம் பாறையில் கொடுத்துப் பயனில்லை. இந்த மருந்துகளால் பெரும்பாலும் தூக்கம் வரும். சில குழந்தைகள் மாறாகத் துள்ளிக் குதிப்பார்கள். அதனால் ஒருநாள் வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

தாண்டிக்குடி தாத்தா:
எலுமிச்சம்பழத்தை யாரும் குறை சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மோந்துதான் மலை ஏறுகிறோம்.

குழந்தைகள் வார்டு செவிலியர்:
குறை சொல்லவில்லை ஐயா. மோந்து பார்ப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டே மோந்தால்தான் பலனில்லை.

பண்ணைக்காடு பெரியம்மா:
பிளாஸ்டிக் பைக்கு மலையில் தடை இருக்கிறது, தாளில் செய்த பை நனைந்து கிழிந்துவிடும். மூடியுள்ள சின்னத் தூக்குவாளி ஒன்றைக் காலடியில் வைத்துக்கொள், கண்ணு. ஈரத்துண்டும் மாற்றுச் சட்டையும் டிக்கியில் கிடந்தால் ஆபத்துக்கு உதவாது, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். பிள்ளை அடிக்கடி கொட்டாவி விட்டாலோ, வாயில் எச்சில் ஊறுகிறது என்றாலோ, திடீரென்று பேச்சை நிறுத்தினாலோ, வளைவு இல்லாத அகலமான இடம் பார்த்து உடனே வண்டியை நிறுத்துங்கள். டம்டம் பாறையில் இறங்கி, தலையாறு அருவியைக் கொஞ்ச நேரம் பார்த்தால் தெளிந்துவிடும். தின்பண்டத்தை மட்டும் வெளியே எடுக்காதே, குரங்குகள் பறித்துவிடும். "வாந்தி வருதா, வருதா" என்று நச்சரிக்கவும் வேண்டாம், கேட்டுக் கேட்டே வரவழைத்துவிடுவோம்.

மதுரை அம்மா:
இறங்கும்போதும் இதே கதைதான் பெரியம்மா.

பண்ணைக்காடு பெரியம்மா:
இறக்கத்தில் பிரேக் அதிகம், அதனால் அப்படி. மதியம் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, அவள் தூங்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள். மாமியார் கட்டித்தரும் பலகாரப் பொட்டலத்தை வத்தலக்குண்டு தாண்டிப் பிரித்துக்கொள்ளலாம்.