டல்லாஸ் மாமாவும் நாலு வேட்பாளரும்: பழமைவாதிகள் யாரைத்தான் தேடுகிறார்கள்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எங்கள் சின்ன மாமா டல்லாஸில் இருபது வருடமாக இருக்கிறார், குடியுரிமையும் வாங்கிவிட்டார். புரட்டாசியில் முட்டை கலந்த கேக்கைக் கூடத் தொடமாட்டார், வரி என்ற பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவார். ஓட்டு குடியரசுக் கட்சிக்குத்தான். அது அவர் இஷ்டம், என் கேள்வி வேறு. 2023 தொடக்கத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அடுத்த அதிபர் தேர்தலுக்கு புளோரிடா ஆளுநர் டிசாண்டிஸ்தான் ஆள் என்றார். ஆகஸ்ட் 23 மில்வாக்கியில் அந்தக் கட்சிக்காரர்களின் விவாதம் முடிந்ததும் காலையில் குரல் செய்தி: "நம்ம பாலக்காட்டுப் பையன்டா!" விவேக் ராமசாமியின் அப்பா அம்மா வடக்கஞ்சேரிப் பக்கம் என்பதால் எங்கள் வீட்டிலும் இரண்டு நாள் அதே பேச்சு. அப்புறம் நிக்கி ஹேலி நிதானமானவர் என்று ஒரு மாதம். கடைசியில் 2024 மார்ச் 5 அன்று, கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் போய் டிரம்புக்குப் போட்டுவிட்டு வந்தார். பக்தி வேண்டும், குடும்பம் வேண்டும், சிக்கனம் வேண்டும் என்று ஒரு வருடத்துக்கு மேல் பேசிய மனிதர், முதல் நாளிலிருந்து முன்னால் நின்ற ஆளிடமே போய் முடிந்தால் இவ்வளவு தேடல் எதற்கு? எல்லாருமே இப்படித்தானா, எங்கள் மாமா மட்டுமா?

வேலந்தாவளம் பஸ்:
உங்கள் மாமா மட்டும் இல்லை. நான் 2011 முதல் மூன்று வருடம் அயோவாவில் டி மோயினில் வேலை பார்த்தேன். 2012 ஜனவரி 3 அன்று உடன் வேலை பார்த்தவர் ஒருவர் காகஸ் பார்க்க வா என்று கூட்டிப் போனார், கட்சிக்காரர்கள் கூடி வேட்பாளருக்கு ஓட்டுப் போடுகிற கூட்டம் அது. நம்மூர் வாக்குச்சாவடி மாதிரி திரை, மை எல்லாம் கிடையாது. ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கம், மடக்கு நாற்காலிகள், வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒருவர் எழுந்து ரெண்டு மூணு நிமிடம் பேசுகிறார், அப்புறம் வெறும் துண்டுச்சீட்டு கொடுக்கிறார்கள், பெயர் எழுதி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட வேண்டும். என் பக்கத்தில் இருந்த பாட்டி எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். அதுவரை அந்த ஆறு மாதத்தில் பெர்ரி, ஹெர்மன் கெய்ன், கிங்ரிச் என்று ஒவ்வொருவராக மேலே ஏறி விழுந்தார்கள். ராம்னி மட்டும் அசையாமல் இருந்தார், ஆனால் யாருக்கும் மனசு ஒப்பவில்லை, ஏனென்றால் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தபோது 2006இல் அவர் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் ஒபாமா கொண்டுவந்ததற்கு அண்ணன் மாதிரி இருந்தது. அன்று இரவு ராம்னி 8 ஓட்டில் ஜெயித்தார் என்றார்கள். இரண்டு வாரம் கழித்து, இல்லை, சான்டோரம்தான் 34 ஓட்டு அதிகம் என்றார்கள். கடைசியில் வேட்பாளர் ராம்னி.

2008இல் அயோவா ஹக்கபியைக் கொடுத்தது, 2016இல் டெட் குரூஸை. சான்டோரத்தையும் சேர்த்து மூவருமே சர்ச்சுக்காரர்களுக்குப் பிடித்தவர்கள், மூவருமே வேட்பாளர் ஆகவில்லை. அங்கே மனசுக்குப் பிடித்தவருக்குப் போடுகிறார்கள், வண்டி அடுத்த மாநிலங்களுக்குப் போனதும் கணக்கு மாறிவிடுகிறது. 2024 ஒன்றுதான் விதிவிலக்கு, அயோவாவிலேயே டிரம்புக்குப் பாதிக்கு மேல் விழுந்தது. உங்கள் பாலக்காட்டுப் பையன் அந்த மாநிலத்தின் 99 கவுண்டிகளையும் இரண்டு தடவை சுற்றியும் நாலாவது இடம்தான், அன்று ராத்திரியே விலகிவிட்டார்.

நகரி தறி:
பாலக்காட்டில் ஒன்று, ஆந்திராவில் ஒன்று என்று இரண்டு சித்தூர் இருப்பது போதாதென்று இப்போது மாப்பிள்ளைக் கணக்கும் வருகிறது. எங்கள் ஆந்திர சித்தூர்ப் பக்கத்து டீக்கடையில் துணை அதிபர் வான்ஸ் ஊர் மாப்பிள்ளை. அவர் மனைவி உஷாவின் குடும்பத்துக்கு மேற்கு கோதாவரியில் வட்லூருதான் பூர்வீகம், அதற்கும் நகரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று யாரிடம் சொல்வது.

விவேக் விஷயத்தில் ஒன்று. அவர் ஹிந்து என்பதை மறைக்கவில்லை, அயோவாவில் மேடையில் வைத்தே அதைப் பற்றிக் கேட்டார்கள், பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனால் ஆன் கூல்டர் என்ற வலதுசாரி எழுத்தாளர், விவேக்கின் சொந்த நிகழ்ச்சிக்கே வந்து, நீங்கள் சொல்வதில் நிறைய எனக்குச் சம்மதம், ஆனாலும் நீங்கள் இந்தியர் என்பதால் ஓட்டுப் போட்டிருக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். மாமா இதைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

கோவிந்தாபுரம் செக்போஸ்ட்:
பஸ் அண்ணன் சொன்னது சரி, ஆனால் அது பாதிதான். நல்லவரைத் தேடுகிறார்கள் என்று நாம் நினைப்பதே தப்பு. 1980இல் ஞாயிற்றுக்கிழமை பைபிள் வகுப்பு எடுக்கிற கார்ட்டர் ஒரு பக்கம், விவாகரத்தாகி மறுமணம் செய்த சினிமா நடிகர் ரீகன் இன்னொரு பக்கம். பக்தி பார்த்துப் போடுகிறவர்கள் ரீகன் பக்கம்தான் போனார்கள். 1988இல் பாட் ராபர்ட்சன் என்ற டிவி போதகரே நின்றார், அயோவாவில் அப்போதைய துணை அதிபர் புஷ்ஷையே மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார், அதோடு சரி.

2016இல் ஓட்டுப் பிரிந்த கதை நமக்குத் தெரிந்த மும்முனைப் போட்டிதான். தென் கரோலினாவில் டிரம்புக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு, ரூபியோவும் குரூஸும் ஆளுக்கு 22 சதவீதம் சொச்சம். ஆனால் அந்த மாநில விதிப்படி, கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்வு செய்கிற 50 பிரதிநிதிகளும் டிரம்புக்கே. அந்த ஆள்மேல் நம்பிக்கை இல்லாத சர்ச்சுக்காரர்கள் என்ன செய்தார்கள்? பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்து உச்ச நீதிமன்றத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மே மாதம் டிரம்ப், இதை வழிகாட்டியாக வைத்து நியமிப்பேன் என்று பெயர்ப் பட்டியலையே வெளியிட்டார். அப்புறம் பென்ஸைத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்தார். ஆளைப் பார்க்க வேண்டாம், பட்டியலைப் பார் என்று ஆகிவிட்டது. 2022இல் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் நீக்கிய தீர்ப்பு வந்ததும், பார்த்தாயா, போட்ட ஓட்டு வீண் போகவில்லை என்றார்கள். அதைச் செய்து கொடுத்தவரை விட்டுவிட்டு, அதையே இன்னும் நயமாகச் செய்வேன் என்கிற டிசாண்டிஸிடம் எதற்குப் போக வேண்டும்? கூட வந்த பென்ஸே தனியாகப் போட்டியில் இறங்கியும் 2023 அக்டோபரைத் தாண்டவில்லை.

வேலந்தாவளம் பஸ்:
பட்டியல் விஷயம் நியாயம், அது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உங்கள் மாமா ஓட்டுப் போட்ட அன்று போட்டியில் மிச்சம் இருந்தது டிரம்பும் ஹேலியும்தான் என்பதையும் பாருங்கள், விலகியவர்களின் பெயர் சீட்டில் இருந்தாலும். மற்றவர்களை அதற்கு முன்பே யாரோ வடிகட்டிவிட்டார்கள். மறுநாளே ஹேலியும் விலகிவிட்டார்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மாமாவைப் பிடித்துக் கேட்டேன். கூல்டர் பேச்சைப் பார்த்தாராம், "அந்தம்மா அப்படித்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. டிரம்ப் இரண்டு தடவை ஜெயித்துவிட்டார், சட்டப்படி மூன்றாவது கிடையாது, 2028க்கு யார் என்றேன். வான்ஸ் என்றார் சட்டென்று. விவேக் மறுபடி நின்றால்? 2025 பிப்ரவரியில் ஒஹாயோ ஆளுநர் பதவிக்கு நிற்பதாக அறிவித்ததை அவரே ஞாபகப்படுத்தினார். கொஞ்ச நேரம் பேசவில்லை, பின்னால் மாமியின் மிக்ஸி சத்தம். "முதல்ல அங்க ஜெயிக்கட்டும்டா, பாக்கலாம்" என்றார்.