கிராபிக்ஸ் கார்டு: 4090ஆ, 7900 எக்ஸ்டிஎக்ஸா? ஏசி இல்லாத அறைக்கு எது?

கேள்வி:
4கே கேமிங், கூடவே பிளெண்டர் (3டி மென்பொருள்). பழைய கார்டுதான் பார்க்கிறேன்: என்விடியாவோட 4090 இல்லைன்னா ஏஎம்டியோட 7900 எக்ஸ்டிஎக்ஸ். பிஎஸ்யூ (பவர் சப்ளை) 850 வாட். சூடுதான் கவலை. எதை எடுக்கலாம்?

பதில் 1:
பிளெண்டர்னா யோசிக்கவே வேண்டாம், 4090தான். பிளெண்டர் ரெண்டர் பண்ண என்விடியா கார்டு பயன்படுத்துற ஆப்டிக்ஸ் வேகத்துக்கு, ஏஎம்டி கார்டு பயன்படுத்துற ஹெச்ஐபி ஈடு கொடுக்காது. கேம்ல ஒளி, நிழலை நிஜம் மாதிரி கணக்கிடுற ரே டிரேசிங்கிலும் அப்படியே. 450 வாட்னு பயப்படாதீங்க. ஆஃப்டர்பர்னர்ங்கிற கார்டு டியூனிங் மென்பொருள்ல பவர் லிமிட்டை 70 சதவீதம் வைங்க, 315 வாட்தான் வரும். வேகம் கொஞ்சம்தான் குறையும், ஃபேன் சத்தம் நல்லாவே அடங்கும்.

பதில் 2:
4090க்கு கரண்ட் வர்ற கனெக்டரையும் சொல்லணும் ப்ரோ. 16 பின் பிளக் முழுசா உட்காரலைன்னா தொடும் இடத்துல மின்தடை ஏறி பிளாஸ்டிக் உருகும். அதோட உச்ச அளவான 600 வாட்ல, கரண்ட் கொண்டுவர்ற ஆறு பின் வழியா 50 ஆம்பியர் ஓடுது, விளையாட்டில்லை. இடைவெளி தெரியாத வரை அழுத்துங்க. பிளக்கிலிருந்து 3.5 செ.மீ. தாண்டித்தான் கேபிளை வளைக்கணும். பழைய கார்டுன்னா அந்த சாக்கெட்டை டார்ச் அடிச்சுப் பாருங்க; கருப்போ நெளிவோ இருந்தா வேண்டாம்.

பதில் 3:
ரே டிரேசிங் இல்லாத கேம் மட்டும்னா காசுக்கு எக்ஸ்டிஎக்ஸ்தான் நியாயம். 24 ஜிபி மெமரி, 355 வாட், சாதாரண 8 பின் பவர் கனெக்டர்கள். ஆனா 2022 ரெஃபரன்ஸ் மாடல்ல (ஏஎம்டியே வடிவமைச்சது) கவனம். சிலதுல வேப்பர் சேம்பர்ல (தண்ணி ஆவியாகி சூட்டைக் கடத்துற தட்டு) தண்ணி போதாம ஹாட்ஸ்பாட் (சிப்போட அதிகச் சூடான இடம்) 110 டிகிரி தொட்டுச்சு, ஏஎம்டியே ஒத்துக்கிட்டது. வெப்பம் காட்டுற ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள்ல ஜிபியு (கார்டோட சிப்) வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 30 டிகிரிக்கு மேல வித்தியாசம்னா, கார்டு செங்குத்தா நிற்கிற மாதிரி கேஸைப் பக்கவாட்டுல படுக்கவெச்சு மறுபடி பாருங்க. இறங்கினா சேம்பர் கோளாறு. இறங்கலைன்னா சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல இருக்கிற தெர்மல் பேஸ்ட் விலகியிருக்கலாம். அதுக்குப் பதிலா பிடிஎம்7950ங்கிற வெப்பம் கடத்தும் ஷீட் போட்டா போதும்.