பேக்டு செல், பிளேட்லெட்னு தனித்தனியா ஏத்துறாங்களே, ஏன்?

கேள்வி:
அம்மாவுக்கு கீமோ போய்ட்டிருக்கு, ஹீமோகுளோபின் 6.4க்கு இறங்கிடுச்சு. டாக்டர் ரெண்டு யூனிட் பேக்டு செல், கூடவே பிளேட்லெட்டும் ஏத்தணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ரத்தம்னா எல்லாம் ஒண்ணுதானே? பிளேட்லெட் பை மஞ்சளா இருக்கு, அம்மா பி பாசிட்டிவ், பையில ஏபி பாசிட்டிவ்னு போட்டிருக்கு. நர்ஸ் பரவால்லன்னாங்க, எனக்குத்தான் பயமா இருக்கு. தம்பியும் பி பாசிட்டிவ்தான், அவன் ரத்தத்தையே ஏத்திட்டா நல்லதா?

பதில் 1:
சகோ, பயப்படாதீங்க, நான் பிளட் பேங்க் லேப்ல இருக்கேன். ஒருத்தர் குடுக்குற ரத்தத்தை மெஷின்ல சுத்தவிட்டா சிவப்பணு அடியில தங்கிடும், அதுதான் பேக்டு செல், மேல மஞ்சளா நிக்கிறது பிளாஸ்மா, ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட்டையும் தனியா பிரிச்சிடுவோம். சிவப்பணுவை 2-6 டிகிரில 42 நாள் வரைக்கும் வைக்கலாம், பிளேட்லெட்டை ஃபிரிட்ஜ்ல வைக்காம 20-24 டிகிரில ஆட்டிக்கிட்டே வச்சிருப்போம், அதுவும் பொதுவா 5 நாள்தான், அதனாலதான் பிளேட்லெட்டுக்கு எப்பவும் தட்டுப்பாடு. அம்மாவுக்கு எது கொறையுதோ அதை மட்டும் ஏத்துனா போதும், முழு ரத்தமா ஏத்துனா தேவையில்லாத தண்ணிச்சத்தும் சேர்ந்து போய் இதயத்துக்கு பாரம். பெரியவங்களுக்கு ஒரு யூனிட் பேக்டு செல்லுக்கு ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் ஏறும்.

குரூப் விஷயம்: சிவப்பணுவுக்கு கிராஸ் மேட்ச், அதாவது ரெண்டு ரத்தமும் ஒத்துப்போகுதான்னு சோதனை, பார்த்துத்தான் குடுப்போம், அவசரத்துக்கு யாருக்கும் ஏத்துற ஓ நெகட்டிவ். பிளாஸ்மாவுக்கு இது அப்படியே தலைகீழ், ஏபி காரங்க பிளாஸ்மால ஏ, பி எதையும் தாக்குற ஆன்டிபாடி இல்ல, அதனால யாருக்கும் ஏத்தலாம். பிளேட்லெட் மிதக்குறதே பிளாஸ்மாலதான், அதான் ஏபி பை வந்திருக்கு, நர்ஸ் சொன்னது சரி.

பதில் 2:
நான் வார்டு நர்ஸ். ஏத்த ஆரம்பிச்ச மொத 15 நிமிஷம் அம்மா பக்கத்துலயே இருங்க, அப்பதான் மெதுவா விட்டுப் பார்ப்போம். குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி, மூச்சு முட்டுறது, அரிப்பு, என்னமோ பண்ணுதுன்னு அவங்க சொன்னாக்கூட உடனே கூப்பிடுங்க, தொந்தரவுன்னு தயங்கவே தயங்காதீங்க, நாங்க நிறுத்திட்டுத்தான் மத்தது பார்ப்போம். பைய மாட்டறதுக்கு முன்னாடி பேரு, நம்பர், குரூப் ரெண்டு பேர் சேர்ந்து சரிபார்க்கணும், அதை நீங்களும் கவனிங்க. ஒரு பை 4 மணி நேரத்துக்குள்ள முடியணும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும், இப்பதான் மனசு கொஞ்சம் நிக்குது. தம்பி விஷயம் மட்டும்?

பதில் 1:
சொந்த ரத்தம்தான் சேஃப்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, இதுல அப்படி இல்ல சகோ. ரத்த சொந்தம்னா தம்பியோட வெள்ளணுவை அம்மா உடம்பு வேத்தாள்னு கண்டுபிடிக்காம விட்டுடலாம், அது உள்ள பெருகி அவங்க உடம்பையே தாக்கும். அபூர்வம்தான், ஆனா வந்துட்டா காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். அதனால சொந்தக்காரங்க பைக்கு கதிர்வீச்சு குடுத்து, அந்த வெள்ளணு பெருகாம பண்ணிட்டுத்தான் ஏத்தணும். தம்பி தாராளமா தானம் பண்ணட்டும், அது வேற யாருக்காவது போகட்டும். சில புற்றுநோய்க்கும் சில கீமோ மருந்துக்கும் யார் ரத்தமா இருந்தாலும் கதிர்வீச்சு குடுத்த பைதான் வேணும், அம்மாவுக்குத் தேவையான்னு ஆன்காலஜி (புற்றுநோய்) டாக்டர்கிட்ட இன்னைக்கே கேட்டு ஃபைல்ல எழுதிடச் சொல்லுங்க.