பாட்டியின் நீலத் தட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்தபோது

பாட்டி போன பிறகு அவருடைய பீங்கான் தட்டுகள் என் பங்குக்கு வந்தன. வெள்ளையில் நீலம்: ஒரு வில்லோ மரம், பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு பறவைகள். பதினொரு தட்டுகள், மூடி போட்ட பெரிய கிண்ணம் ஒன்று. எல்லாம் ஒரே செட் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

படத்தை வைத்துத் தயாரித்தவரைத் தேடியதில் ஒரு வாரம் வீணானது. இந்த வில்லோ படம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவானது. அதன் பிறகு எத்தனையோ ஆலைகள் அதையே அச்சிட்டுவிட்டன. கவிழ்த்து, அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்தால்தான் விவரம் கிடைக்கும்.

ஏழு தட்டுகளில் 'இங்கிலாந்து' என்று மட்டும் இருந்தது, நான்கில் 'மேட் இன் இங்கிலாந்து'. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்த பிறகு முதல் வகை பரவலானது. 'மேட் இன்' சேர்ந்தது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில். அப்படியென்றால் உடைந்தவற்றுக்கு ஈடாக யாரோ தேடித் தேடி வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். அது பாட்டிதான் என்று நம்புகிறேன். அந்த நான்கையும் தனியாக எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

விளிம்பில் ஓரிடத்தில் கோலம் பொருந்தாமல் கோடு மாதிரித் தெரிந்தது. உடைந்து ஒட்டியது என்று பயந்துவிட்டேன். மெல்லிய தாளில் எடுத்த அச்சைத் தட்டில் ஒட்டுவார்களாம், தாளின் இரு முனை சேரும் இடம் அது. அச்சு முறையில் செய்ததற்கு அதுவே அடையாளம். உண்மையான விரிசலைச் சுண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன்: நல்ல தட்டு கணீரென்றது, ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தது.

மதிப்பு? சந்தையில் தட்டுகள் ஏராளம், அதனால் குறைவுதான். மூடி சீக்கிரம் உடையும் என்பதால் மூடியோடு இருக்கும் கிண்ணத்துக்குத்தான் கிராக்கி. விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்றுப்போன விலையைப் பாருங்கள். பழைய மெருகுப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், நான் அவற்றில் சாப்பிடுவதில்லை.

மறுமொழி:

இதைப் படித்ததும் அத்தை கொடுத்த தேநீர்க் கோப்பைகளைக் கவிழ்த்தேன். சாசரில் 'நிப்பான்' (ஜப்பானிய மொழியில் ஜப்பானின் பெயர்), கோப்பையில் 'ஜப்பான்'. 1921-இல் அமெரிக்கச் சுங்கத் துறை 'நிப்பான்' என்ற சொல் செல்லாது என்ற பிறகு வந்த மாற்றம் அது. ஆக, இங்கேயும் ஜோடி பின்னால் சேர்ந்ததுதான். அப்புறம், தங்க விளிம்பு இருந்தால் தயவுசெய்து நார் போட்டுத் தேய்க்காதீர்கள். என் கோப்பைகளில் பாதி தங்கம் அப்படித்தான் போயிற்று.