இரண்டாம் வகுப்பில் மொழியால் பிரிந்து நிற்கும் பிள்ளைகள்: உதவி தேவை

இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 28 பிள்ளைகள், அதில் 6 பேரின் வீட்டு மொழி வேறு. பள்ளி திறந்து நான்கு மாதமாகியும் அந்த ஆறு பேரும் தனித் தீவுதான். "உனக்குப் பேசத் தெரியாது, நீ வராதே" என்று விளையாட்டில் ஒதுக்குவது என் காதிலேயே விழுந்தது.

ஐந்து பேர் தட்டுத்தடுமாறிப் பேசுகிறார்கள். ஒரு சிறுமி மட்டும் வாயே திறப்பதில்லை. புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு என்று தெரியும். சொல்வது அவளுக்குப் புரிகிறது. வரைந்து பதில் காட்டுகிறாள். வீட்டில் வாயாடியாம். காது பரிசோதனையிலும் குறையில்லை. அதனால் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்த மனம் வரவில்லை.

இடம் மாற்றி உட்கார வைத்தேன். இடைவேளையில் பழையபடி பிரிந்தார்கள். ஜோடி சேர்த்தேன், பேசத் தெரிந்தவனே எல்லா வேலையையும் முடித்துவிட்டான். பொருள்களில் இரு மொழிப் பெயரும் எழுதி ஒட்டினேன். இரண்டு வாரம் ஆர்வம், பிறகு சுவரோடு சுவர். ஆளுக்கொரு துண்டுத் தகவல் கொடுத்துச் சேர்க்க வைக்கும் ஜிக்சா முறையும் (1971-இல் அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் கொண்டுவந்தது) வாசிப்புத் தடுமாற்றத்தால் நின்றுபோனது. வீட்டிலும் பள்ளி மொழியே பேசச் சொல்லுங்கள் என்றார் சக ஆசிரியர். அதை மட்டும் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன்.

வாசிப்பே தேவைப்படாத, அந்த ஆறு பேர் இல்லாமல் முடிக்க முடியாத குழு விளையாட்டு எதையாவது 7 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி, அந்த நெருக்கம் இடைவேளையிலும் நீடித்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?